திருப்பூர்ல கெமிஸ்ட்ரி எதுக்கு?

1/ "பனியன் கம்பெனிக்குப் போறவனுக்கு கெமிஸ்ட்ரி எதுக்குங்க சார்?" காலேஜ் முதல் வருஷப் பையனோட ஓபிக்கு வந்த அப்பா கேட்டார். உயிரோட இருக்கத்தாங்க.

2/ பருத்தித் துணியில சாயம் ஏற சோடியம் சல்பேட் உப்பு போடுவாங்க. அந்தக் கழிவு தொட்டியில சேறா தேங்கினா, ஆக்சிஜன் இல்லாத அடியில பாக்டீரியா சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவா மாத்தும்.

3/ சின்னக் கணக்கு. ஹைட்ரஜன் 1, கந்தகம் 32. 1+1+32 = 34. காற்றோட சராசரி 29. காற்றைவிடக் கனம், அதனால தொட்டி அடியிலேயே தங்கிடும்.

4/ முதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். 100 பிபிஎம் அளவு வந்தா மூக்கு மரத்துடும். "நாத்தம் போயிருச்சு"ன்னு இறங்கிடாதீங்க. போனது உங்க மோப்ப சக்தி.

5/ உள்ளே ஒருத்தர் விழுந்தா, காப்பாத்தக் குதிக்கிறவரும் விழுவார். மூக்குல துண்டு கட்டினாலும் பிரயோஜனமில்லை. குதிக்காதீங்க, 101, 108 கூப்பிடுங்க.

6/ பாதுகாப்புக் கருவி இல்லாம சாக்கடை, செப்டிக் டேங்க்ல ஆளை இறக்குறதை 2013 சட்டம் தடை செய்யுது. கூடவே ஒண்ணு செய்யலாம்: பரீட்சையில எழுதுற அந்த 34, 29-ஐ ஒவ்வொரு தொட்டி மூடி மேலயும் எழுதி வைங்க முதலாளிகளே. தம்பி, உங்கப்பாவுக்கு நீங்களே விளக்கிச் சொல்லுங்க.