கடலுக்கடியில் டர்பைன்: கடல்நாய்களுக்கு ஆபத்தா?

கடல் நீரோட்டத்தில் சுழன்று மின்சாரம் தயாரிக்கும் 1.2 மெகாவாட் 'சீஜென்' டர்பைன், வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்டு கடற்கழியில் 2008-ல் நிறுவப்பட்டது. அங்கே கடல்நாய்கள் அதிகம். இறக்கையில் அடிபட்டுவிட்டால்? அதனால் ஒரு நிபந்தனை: சோனாரில் கடல்நாய் நெருங்குவது தெரிந்தால் உடனே டர்பைனை நிறுத்திடணும்.

பெரிய பாதிப்பு இல்லை என்றது 2011-ல் வந்த கண்காணிப்பு அறிக்கை. நல்ல செய்திதான். ஆனால், கிட்ட வரும்போதெல்லாம் நிறுத்திவிட்டால், சுழலும் இறக்கையைக் கண்டு அது விலகுமா, மோதுமா என்று எப்படித் தெரியும்? முக்கியமான கேள்விக்கே விடை கிடைக்கவில்லை.

நமக்கும் இதில் பாடம் உண்டு. கடல் ஏற்ற இறக்கத்தில் மின்சாரம் எடுக்க வாய்ப்புள்ள கட்ச் வளைகுடாவில்தான் கடல்சார் தேசியப் பூங்காவும் இருக்கிறது. கருவியை இறக்கும் முன்பே, கண்காணிப்பில் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும்.