சிறகுக்கு வாலும் வேண்டும்

வானத்தில் பறக்க வேண்டும் என்னும் வேட்கை மனித இனத்தின் பழைய வேட்கைகளுள் ஒன்று. பாகன் செலுத்தாமல் இயங்கும் வான ஊர்தியைப் பற்றிய எண்ணம் புறநானூற்றின் 27ஆம் பாட்டிலேயே காணப்படுகிறது. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறி ஏறி வான்வழியே தப்பிச் செல்கிறாள். இஸ்லாமிய வரலாற்றைப் புரட்டினால், ஒன்பதாம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் கொர்தோபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் என்னும் அறிஞர் சிறகு கட்டிக்கொண்டு பறந்து பார்த்தார் என்ற செய்தி கிடைக்கிறது. தமிழ் மேடைகளில் முன்னவற்றையும் மீலாது மேடைகளில் பின்னதையும் எடுத்துரைத்துக் கைதட்டல் பெறுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. கைதட்டல் ஓய்ந்த பின்னர் நம் பிள்ளைகளின் கைகளில் எஞ்சுவது யாது என்று வினவினால், விடை கூற இயலாமல் நிற்கிறோம்.

முன்னோர் பெருமையை மறுப்பது நம் நோக்கமன்று. அப்பெருமைக்கு உரியவர்களாக வாழ ஒரு சிறு வழியைச் சுட்டுவதே நோக்கம். புதுச்சேரித் தேங்காய்த்திட்டில் நம் மாணவர்களுக்கென ஒரு மாதிரி விமானக் கழகம் அமைய வேண்டும். அதனை முறையாக நடத்தும் பொறுப்பைக் கல்லூரியும் ஊர்ப் பெரியவர்களும் ஏற்க வேண்டும். இதுவே நாம் முன்வைக்கும் கருத்து.

வால் கற்பித்த பாடம்

இப்னு ஃபிர்னாஸின் வரலாற்றை நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ தரும் செய்தியில் மறுபாதியும் உண்டு. ஏறத்தாழ 875ஆம் ஆண்டில், முதுமைப் பருவத்தில், அவர் சிறிது தொலைவு பறந்தார். ஆனால் இறங்கும்போது விழுந்து முதுகில் அடிபட்டார். பறவை தரையிறங்கும்போது வாலைப் பயன்படுத்துகிறது என்பதைக் கருதாமல் வாலின்றிச் சிறகை மட்டும் அமைத்ததே காரணம் என்று அச்செய்தி கூறுகிறது. துணிவு இருந்தது, அறிவு இருந்தது, சிறகும் இருந்தது. வால் ஒன்றே இல்லை.

அந்த வால் பின்னர் ஒரு விளையாட்டுப் பொருளில் தன் பணியைச் செய்து காட்டியது. 1871 ஆகஸ்டு 18ஆம் நாள், பாரிசு நகரின் துய்லரி பூங்காவில், அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர் முறுக்கிய ரப்பர் நாடாவால் இயங்கும் ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். அதன் எடை 16 கிராம். பின்புறம் சரியான கோணத்தில் பொருத்திய சிறு வால் அதனை நிலைகுலையாமல் காத்தது. 11 நொடிகளில் சுமார் 40 மீட்டர் பறந்தது. புதுச்சேரி பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்த காலம் அது. பெனோவின் அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்ட, ரப்பர் நாடாவால் மேலெழும் பொம்மை ஒன்றை 1878இல் அமெரிக்காவில் ஒரு தந்தை தம் இரு சிறுவர்க்கு வாங்கிக் கொடுத்தார். அச்சிறுவர்களே பின்னாளில் ரைட் சகோதரர்கள். 1903 டிசம்பர் 17இல் அவர்கள் விமானம் முதன்முறை பறந்த நேரம் 12 நொடி. தொலைவு 120 அடி. பெனோவின் பொம்மை அதற்கு 32 ஆண்டுகள் முன்னரே அதனினும் சற்று அதிகத் தொலைவு சென்றிருந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டு நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கொர்தோபாவில் பிழையின் விலை ஒரு மனிதரின் முதுகெலும்பு. பாரிசில் பிழை நேர்ந்திருந்தால் அதன் விலை ஒரு சிறு குச்சியும் காகிதமுமே. பிழை மலிவாக இருக்கும் இடத்தில்தான் கல்வி விரைவாக வளரும். மாதிரி விமானக் கழகம் என்பது பிழையை மலிவாக்கித் தரும் இடம். அந்த மலிவு தானே வருவதன்று, ஒழுங்கினால் காக்கப்படுவது. அவ்வொழுங்கு இல்லையேல் பிழையின் விலையை வழிப்போக்கர் ஒருவரின் தலை கொடுக்க நேரும்.

நம் மண்ணிலும் சான்று உண்டு. இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் பயின்ற ஆவுல் பக்கீர் ஜெயினுலாப்தீன் அப்துல் கலாமையும் அவர்தம் வகுப்புத் தோழர்களையும் ஆசிரியர் சிவசுப்பிரமணிய அய்யர் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகை அசைப்பதையும் வாலால் திசை மாற்றுவதையும் நேரே காட்டினார். தம் வாழ்வின் திசையையே அந்நாள் தீர்மானித்தது என்று கலாம் பலமுறை கூறியுள்ளார். பின்னர் அவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயின்றபோது, அங்குள்ள தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்ய வேண்டும் என்னும் பொருளில் தமிழில் எழுதி முதற்பரிசு பெற்றார். பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். இச்செய்தி தமிழ்த்துறையினராகிய நமக்குப் பெருமையும் கடமையும் ஒருங்கே தருவது. விமானத்தைப் பற்றிய கனவு ஒரு தமிழ்ச் சங்கத்தில் சொல் வடிவம் பெற முடியுமாயின், கழகம் அமைக்கத் தமிழ்த்துறை முன்வருவதில் வியப்பென்ன?

அதே எம்.ஐ.டி. 1949இல் சி. ராஜம் அவர்கள் தம் இல்லத்தை விற்று எழுப்பிய நிறுவனம் என்பதை நம் செல்வந்தர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அங்குள்ள தக்‌ஷா மாணவர் குழு, மாதிரி விமானக் கலையில் ஈடுபாடுடைய நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. விளையாட்டாகத் தொடங்கிய கலை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இது போதிய சான்று.

தேங்காய்த்திட்டில் எது இயலும், எது இயலாது

தேங்காய்த்திட்டு என்றவுடன் மீன்பிடித் துறைமுகமும், அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகமும், கரையோர அலையாத்திச் செடிகளும் நம் கண்முன் வருகின்றன. திறந்த வானமும் கடற்காற்றும் இருக்கின்றனவே, இங்கேயே பறக்கவிடலாமே என்று மாணவர்கள் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தைத் தொடக்கத்திலேயே மறுக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பகுக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி வேண்டியதில்லை. இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் அவ்வுயரம் 200 அடியாகக் குறைகிறது. அதனினும் நெருங்கினால் அனுமதியின்றிப் பறக்கவிடுதல் குற்றம். இலாசுப்பேட்டை விமான நிலையத்திற்கும் தேங்காய்த்திட்டிற்கும் இடையே வான்வழித் தொலைவு 8 கிலோமீட்டருக்கும் குறைவு. மேலும் துறைமுகத்தில் எந்நேரமும் மக்கள் நடமாட்டம் உண்டு. அலையாத்திக் காட்டில் பறவைகள் தங்குகின்றன. மீனவர் தலைக்கு மேலும் பறவைக் கூட்டுக்கு மேலும் நம் பொழுதுபோக்கு சுழல்வது முறையாகாது.

ஆகவே கழகத்தின் பட்டறை தேங்காய்த்திட்டில் இருக்கட்டும். பறக்கும் திடல் நகருக்கு வெளியே, பச்சை மண்டலத்தில், நில உரிமையாளரின் எழுத்து இசைவுடன் அமையட்டும். பட்டறைக்கு இவ்வூரே ஏற்ற இடம். துறைமுகத்தில் கண்ணாடியிழைப் படகுகளைச் செப்பனிடும் கைத்தொழிலாளர்க்குப் பசையின் பக்குவமும் இழையின் வலிமையும் நம் பாடநூல்களைவிட நன்றாகத் தெரியும். காற்றின் போக்கைக் கணிப்பதில் மீனவரை வெல்ல யாருளர்? அவர்களை ஆசான்களாக அழைத்து மரியாதை செய்யும் நாளில், கல்லூரிக்கும் ஊருக்கும் இடையே உள்ள மதிற்சுவர் சற்றே தாழும்.

கழகம் நடக்கும் முறை

விலையுயர்ந்த விமானத்தை வாங்கி முதல் நாளிலேயே மேலே ஏற்றுவது கழகமன்று, காட்சி. படிமுறை வேண்டும். முதலில் தெர்மாகோல் அல்லது ஃபோம் பலகையில் கையால் எறியும் சறுக்கு விமானம். அதன் மூக்கில் சிறு களிமண் உருண்டையை ஒட்டியும் எடுத்தும், ஈர்ப்பு மையம் முன்னும் பின்னும் நகர்வதை மாணவன் தன் கையாலேயே உணர்வான். அடுத்து ரப்பர் நாடா விமானம். அதன்பின் 250 கிராமுக்கு உட்பட்ட சிறு மின்விமானம். இறுதியில்தான் பெரிய பயிற்சி விமானம். அப்போதும் ஆசான், மாணவன் ஆகிய இருவர் கைக்கருவிகளும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். மாணவன் தடுமாறும் நொடியில் ஆசான் ஒரு விசையை மாற்றிக் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு மீட்டுக்கொள்ளலாம்.

லித்தியம் பாலிமர் மின்கலத்தைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். அதன் ஒவ்வொரு அறையும் 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றப்படலாகாது, மீறினால் தீப்பற்றும். மின்னேற்றும்போது ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். பட்டறையைப் பூட்டிவிட்டு மின்னேற்றத்தை ஓடவிட்டுச் செல்வதைக் கழகம் ஒருபோதும் பொறுத்தலாகாது.

பழைய கழகங்களில் ஓர் அழகிய வழக்கம் இருந்தது. 72 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் கருவிகள் இயங்கிய காலத்தில், ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை இயக்கினால் பறக்கும் விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழும். எனவே திடலில் ஒரு பலகை வைத்து, அலைவரிசைக்கு ஒரு கிளிப் மாட்டியிருப்பார்கள். கிளிப் யார் கையில் உள்ளதோ அவர் மட்டுமே கருவியை இயக்கலாம். பிறர் காத்திருக்க வேண்டும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தாமே வழி பிரித்துக்கொள்வதால் அப்பலகை மறைந்தது. பலகை மறையலாம், காத்திருக்கும் பண்பு மறையலாகாது. பொதுத்திடலும், வானும், அடுத்தவரின் உயிரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பேணுதல் மார்க்கம் நமக்கு விதித்த கடமை அல்லவா?

மூன்று ஐயங்கள்

இது வீண்விரயம் என்பார் சில பெரியவர்கள். அம்பெய்தலையும் குதிரையேற்றத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். கண்ணையும் கையையும் உள்ளத்தையும் ஒருங்கே பயிற்றும் கலை வீணாகாது. மேலும் கருவிகளைத் தனிமனிதர் வாங்காமல் கழகமே வாங்கிப் பொதுவில் வைத்தால், ஏழை மாணவனும் செல்வர் வீட்டு மாணவனும் ஒரே விமானத்தில் பயில்வர்.

பெண்பிள்ளைகளுக்கு இது பொருந்துமா என்பார் வேறு சிலர். மயிற்பொறியைச் செலுத்தியவள் விசயை என்பதை மட்டும் அவர்கட்கு நினைவூட்டுவோம். பெண் ஆசிரியர் பொறுப்பில் பட்டறை நடக்குமானால் மறுக்கக் காரணம் ஏதுமில்லை.

மூன்றாவது ஐயம் வாய்விட்டுக் கூறப்படாதது. ஆயினும் பெற்றோர் பலரின் நெஞ்சில் உள்ளது. இன்றைய சூழலில், ஓர் இளைஞன் துறைமுக ஓரத்தில் தனியே நின்று பறக்கும் பொருள் ஒன்றை ஏவினால் அது விளையாட்டாகவே கொள்ளப்படும் என்ற உறுதி இல்லை. பெயரைக் கேட்ட பின்னர் வினாக்கள் பெருகுவதும் உண்டு. இதனை மனத்தாங்கலாகக் கூறவில்லை. கழகத்தின் தேவைக்குரிய முதற்காரணமாகவே கூறுகிறோம். மேற்கூறிய விதிகளின்படி, கல்விக்கும் பொழுதுபோக்கிற்கும் கண்பார்வைக்குள் இயக்கப்படும் 25 கிலோவிற்கு மேற்படாத மாதிரி விமானத்திற்கு வகைச் சான்றிதழ் வேண்டியதில்லை. வணிக நோக்கமின்றி 2 கிலோ வரை இயக்குவோர்க்கு ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை. 250 கிராமுக்கு மேற்பட்டவற்றிற்கு மூன்றாம் நபர் காப்பீடு தேவை. சட்டம் இத்துணை இடம் தந்திருக்கையில் அதனை அறியாமல் பிள்ளைகள் ஒளிந்து பறக்கவிடுவது நம் குறையே. ஒவ்வொரு பறப்பின் நாள், இடம், நேரம், இயக்கியவர் பெயர் ஆகியவற்றைக் கூறும் பதிவேடும், காவல் நிலையத்திற்கு முன்கூட்டியே தரப்பட்ட கடிதமும், உடன் நிற்கும் ஓர் ஆசிரியரும் அவ்விளைஞனுக்குக் கேடயம் ஆவர். தனியே நிற்பவனைச் சந்தேகிக்கும் ஊர், முறையோடு நிற்கும் கழகத்தைக் காண நாளடைவில் திரண்டு வரும்.

இனிச் செய்ய வேண்டுவன

ஆசிரியர்களில் இயற்பியல் துறையினர் ஒருவரும் தமிழ்த்துறையினர் ஒருவரும் பொறுப்பேற்கட்டும். பதிவேடு தமிழில் எழுதப்படட்டும். ஏன் விழுந்தது என்பதைத் தெளிந்த தமிழில் நான்கு வரி எழுதத் தெரிந்த மாணவன், ஏன் பறந்தது என்பதையும் விரைவில் எழுதுவான். பெரியவர்கள் ஓர் அறையும், ஆண்டுக்கு ஒரு சிறு தொகையும், திடலுக்கு ஒரு நிலமும் உதவட்டும். மாணவர்கள் கடற்காற்று எழுவதற்கு முன், ஃபஜ்ர் தொழுகை முடிந்து காற்றடங்கியிருக்கும் வேளையில், திடலில் கூடட்டும்.

சிறகு நம் இளைஞரிடம் இயல்பாகவே உள்ளது. அதனை நிலைநிறுத்தும் வாலைப் பொருத்தித் தருவது மூத்தோராகிய நம் பொறுப்பு. வரும் கல்வியாண்டிலேயே இதனைத் தொடங்குவோமாக. எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.