டெயில் லைட்டுக்குள் தண்ணீர்... மாற்றித்தான் ஆகணுமா?

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே கார் வைத்திருப்பவர்கள் கண்ணில் படும் காட்சி இது. இரவெல்லாம் மழை கொட்டியிருக்கும். காலையில் காரைத் துடைக்கப் போனால், டெயில் லைட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்ததுபோல் இருக்கும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், ‘செட்டோட மாத்திடுங்க சார்’ என்று சில இடங்களில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். தலையாட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே இருப்பது வெறும் ஆவியா, தண்ணீரா?

டெயில் லைட் காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி அல்ல. பல்பு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும், அணைத்ததும் சுருங்கும். அதற்காகவே பின்புறம் சின்னதாக மூச்சுத்துளை வைத்திருப்பார்கள். மழைநாளில் ஈரக்காற்று அதன் வழியே உள்ளே போய், குளிர்ந்திருக்கும் பிளாஸ்டிக்கில் படிகிறது. லைட்டைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டினாலோ, வெயில் ஏறினாலோ பெரும்பாலும் மறைந்துவிடும். புது காரிலும் இது வரும், பழுது அல்ல. எல்.இ.டி. லைட்டில் சூடு குறைவு என்பதால் மறைய இன்னும் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

துளித்துளியாக வழிந்து அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் கதை வேறு. எங்கோ ஓட்டை இருக்கிறது. பார்க்கிங்கில் யாரோ உரசிவிட்டுப் போன மயிரிழைக் கீறலாக இருக்கலாம். வெயிலில் காய்ந்து இறுகிப்போன ரப்பர் கேஸ்கட்டாக இருக்கலாம். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை விளிம்பில் நெருக்கிப் பிடித்து அடித்ததாலும் ஆகலாம். சூடான டம்ளரை ஈரத் தட்டில் கவிழ்த்தால், ஆறும்போது தண்ணீரை உள்ளே இழுக்கும் இல்லையா? எரிந்து சூடான லைட் மீது மழை விழும்போதும் அதேதான். கீறல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

‘கொஞ்சம் தண்ணிதானே’ என்று விடக்கூடாது. பிரேக் லைட் எரியாமல் போனால், ஓட்டுகிறவருக்குத் தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடும். மழை இரவில், செங்கல்பட்டு தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் பின்னால் லாரி வரும்போது, அந்தச் சிவப்பு வெளிச்சம்தான் நம் காவல்.

அதனால் வாரம் ஒருமுறை, இருட்டியதும் காரின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு சிவப்பு விழ வேண்டும். வீட்டில் யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. பிரேக்கை மிதிக்கும்போது, போடாத இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? ஹோல்டரில் துரு ஏறி, எர்த் சரியாகக் கிடைக்காமல் கரன்ட் வேறு பல்பு வழியே சுற்றிப் போகிறது என்று சந்தேகப்படலாம். பல்பை மட்டும் மாற்றினால் இது சரியாகாது.

கழற்றுவது பல கார்களில் பெரிய வேலை இல்லை. லைட்டெல்லாம் அணைத்துவிட்டு, டிக்கியைத் திறந்து உள் கவரை விலக்கினால் இரண்டு மூன்று நட்டு இருக்கும். கழற்றி, வயர் பிளக்கை எடுத்து, ஹோல்டரை வெளியே எடுங்கள். தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, ஒரு நாள் காற்றாட வையுங்கள். ஹேர் டிரையர் என்றால் மிதமான சூட்டில், ஓரடி தள்ளிப் பிடிக்க வேண்டும். கிட்டே பிடித்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். ஹோல்டர் தகட்டில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். அரித்துப்போயிருந்தால் மாற்றிவிடுவது நல்லது. பல மாடல்களுக்கு ஹோல்டர் தனியாகவே கிடைக்கும்.

காய்ந்த பிறகு ஓட்டையை அடைக்காமல் திரும்ப மாட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி இதே வேலைதான். கேஸ்கட் இறுகியிருந்தால் புதிது போடுங்கள். கீறலைச் சிலிக்கான் சீலன்டால் அடைக்கலாம். மூச்சுத்துளையை மட்டும் தப்பித்தவறியும் அடைத்துவிடாதீர்கள். அடியில் டிரில் போட்டுத் தண்ணீரை வடித்துவிடும் கைவைத்தியமும் உண்டு. தண்ணீர் போகும், சரி. தூசியும் எறும்பும் உள்ளே வருமே!

வாரன்டி இருக்கும் காரைக் கழற்றவே வேண்டாம். தண்ணீர் தேங்கியிருக்கும்போதே போட்டோ எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். காய்ந்த பிறகு போனால் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கிளம்பும் முன் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். கேஸ்கட் போயிருந்தால், லைட்டுக்குள் தெரியாத தண்ணீர் அங்கே தேங்கிக் கிடக்கும்.