யுத்தத்தைப் பற்றி யாரைக் கேட்பது?

யுத்தம் என்றவுடன் சரித்திரப் புத்தகங்கள் யாரைக் காட்டுகின்றன? குதிரைமேல் அமர்ந்த தளபதியை! இன்னார் படை நடத்தினார், இன்னார் வென்றார் என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். யாருடைய வயலில் சண்டை நடந்தது? யார் வீட்டுக் கதவைக் குண்டு துளைத்தது? பிணங்களைப் புதைத்தவன் யார், அவனுக்குக் கூலி கிடைத்ததா? இந்தக் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

சண்டையைப் பற்றி அறிய வேண்டுமானால் அதில் நின்றவனையும், அதன் நடுவே அகப்பட்ட ஜனங்களையும்தான் கேட்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அத்துடன் நின்றுவிடவும் கூடாது. கேட்கப்படாமலே விடப்பட்டவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டை இதற்குத் தக்க உதாரணம்.

1861 முதல் 1865 வரை நடந்தது அந்த யுத்தம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சுமார் 40 லட்சம் கறுப்பு மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். இங்கிலாந்தின் மில்கள் பெரும்பாலும் அவர்கள் பறித்த பருத்தியில்தான் ஓடின. இந்த அடிமை முறையைக் காப்பாற்றவே தென் மாநிலத் தோட்ட முதலாளிகள் பிரிந்து போனார்கள். 1863-ல் அவர்களுடைய தளபதி லீ வடக்கே பென்சில்வேனியா மாநிலத்துக்குள் படையெடுத்தார். ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாட்கள் கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரில் இரு படைகளும் மோதின. ஊரின் ஜனத்தொகை சுமார் 2,400. மாண்டவர், காயமுற்றவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்ந்து சுமார் 50,000 பேர்!

யார் இவர்கள்? இரு தரப்பிலும் பெரும்பாலோர் குடியானவர்களின் பிள்ளைகள், உழைத்துப் பிழைத்தவர்கள். வடக்கே 1863 மார்ச்சில் வந்த கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டப்படி 300 டாலர் கட்டியவன் தப்பித்துக்கொள்ளலாம். தெற்கே 1862-ல் வந்த சட்டப்படி, 20 அடிமைகள் உள்ள தோட்டத்தில் ஒரு வெள்ளையனுக்குப் படையிலிருந்து விலக்கு. காசுள்ளவனுக்கு வீடு, இல்லாதவனுக்குப் போர்க்களம்!

சண்டை நடந்த இடங்களின் பெயர்களே பேசுகின்றன. ஒன்று கோதுமை வயல். இன்னொன்று பீச் பழத்தோட்டம். சுமார் 20 ஏக்கர் கோதுமைக்குள் இரண்டாம் நாள் இரு படைகளும் மாறிமாறிப் பாய்ந்தன. பயிரும் மடிந்தது, மனிதரும் மடிந்தனர். மூன்றாம் நாள் தென்படையினர் சுமார் 12,500 பேர் திறந்த வெளியில் முக்கால் மைல் பீரங்கிகளுக்கு நேரே நடத்திச் செல்லப்பட்டனர். பாதிப்பேர் மீளவில்லை. எதிர்மேட்டில் நின்று அதைப் பார்த்த வடபடை லெப்டினன்ட் ஃபிராங்க் ஹாஸ்கெல், தம் சகோதரருக்கு நீண்ட கடிதமாக எழுதினார். மறு ஆண்டு இன்னொரு சண்டையில் அவரும் மாண்டார்.

ஊர் ஜனங்கள் சொன்னதென்ன? டில்லி பியர்ஸ் என்ற 15 வயதுப் பெண், அடைக்கலம் புகுந்த பண்ணை வீட்டில் சிப்பாய்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். வெட்டியெடுத்த கைகால்கள் அங்கே குவியலாகக் கிடந்ததைக் கண்டாள். 1889-ல் அதைப் புத்தகமாக எழுதினாள். தையல் வேலை செய்து பிழைத்த 20 வயது ஜென்னி வேட், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கதவைத் துளைத்து வந்த குண்டுக்கு இரையானாள். எலிசபெத் தார்ன் மயானக் காவலாளியின் மனைவி. கணவன் படையில், அவளோ ஆறு மாதக் கர்ப்பிணி. வேலைக்கு வந்த ஆட்கள் நாற்றம் தாங்காமல் ஓடிவிட்டார்கள். அவளும் வயதான தகப்பனாரும் குழி வெட்டி நூற்றுக்கும் மேற்பட்ட பிணங்களைப் புதைத்தார்கள். இதற்காக ஒரு காசுகூட அதிகம் தரவில்லை, மாதம் 13 டாலர் சம்பளம்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். எந்தத் தளபதியின் அறிக்கையில் இந்தக் கணக்கு வரும்?

இவர்களுடைய வார்த்தையாவது அச்சேறியது. அதுவும் இல்லாதவர்கள் உண்டு. லீயின் படையினர் பென்சில்வேனியாவில் கறுப்பு மக்களைப் பிடித்து அடிமைகளாகத் தெற்கே கொண்டு போனார்கள். சுதந்திரமாகப் பிறந்தவர்களையும் விடவில்லை. பெண்களும் குழந்தைகளும் மாடுகளைப்போல ஓட்டிச் செல்லப்பட்டதை சேம்பர்ஸ்பர்க் ஊரில் ரேச்சல் கார்மனி என்ற வெள்ளைக்காரப் பெண் நாட்குறிப்பில் எழுதிவைத்தாள். ஓட்டிச் செல்லப்பட்டவர்களை யார் கேட்டார்கள்? கடைசி நாள் சண்டை நடந்த மேட்டில் ஆப்ரகாம் பிரையன் என்ற கறுப்பு விவசாயியின் நிலம் இருந்தது. ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டார். கிடைத்தது 15 டாலர்! வடபடையில் மாண்ட 3,300-க்கும் மேற்பட்டவர்களைத் தோண்டியெடுத்துத் தேசிய மயானத்துக்கு அனுப்பியது பாசில் பிக்ஸ் என்ற கறுப்பு விவசாயியின் தலைமையில் வேலை செய்த கறுப்புத் தொழிலாளிகள். 1863 நவம்பர் 19-ல் லிங்கன் அங்கே செய்த பிரசங்கம் உலகத்துக்கே தெரியும். அந்த உழைப்பாளிகளை எத்தனை பேருக்குத் தெரியும்?

1913-ல் ஐம்பதாம் ஆண்டு விழா. இரு தரப்புக் கிழச் சிப்பாய்களும் 50,000-க்கு மேல் கூடினார்கள். பழைய கல்மதில்மேல் கைகுலுக்கினார்கள். ஜனாதிபதி வில்சன் இரு தரப்பு வீரத்தையும் புகழ்ந்தார். அடிமை முறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதே காலத்தில் தெற்கே கறுப்பு மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்தது. கும்பல்கள் அவர்களை மரங்களில் தூக்கிலிட்டு வந்தன!

சிப்பாயின் தைரியத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், தைரியத்தைப் பாடி, காரணத்தை மறைப்பது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். குண்டடிபட்ட இருவரின் வலியும் ஒன்றே. அவர்களை அனுப்பியவர்களின் நோக்கம் ஒன்றல்ல. ஒரு பக்கம் அடிமைச் சங்கிலியைக் காக்கப் போரிட்டது; மறுபக்கத்தின் வெற்றியால் அந்தச் சங்கிலி அறுந்தது.

ஆகவே தோழர்களே, எந்த யுத்தத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். சொல்கிறவன் எங்கே நின்றான்? யாருடைய வாய் அடைக்கப்பட்டது? சண்டை எதற்காக நடந்தது? இந்த மூன்றுக்கும் பதில் வரும்வரை அதைச் சரித்திரம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்!