பாற்குளம் உணர்த்தும் பாடம்

தஞ்சை மாவட்டம் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகையைத் தரிசித்த அன்பர்கள், ஆலயத்தின் எதிரே உள்ள பாற்குளத்தையும் கண்டிருப்பார்கள். சாபத்தால் கலைந்த வேதிகையின் கருவை அம்பிகை குடத்தில் வைத்துக் காத்து, உரிய காலத்தில் குழந்தையாக அளித்தாள். ஆனால், தாயிடம் பால் இல்லை. காமதேனு வந்து பால் தந்தது. அதன் குளம்படியில் தோன்றியதே இக்குளம் என்கிறது தலபுராணம்.

அந்தக் கதையில் வேதிகையை எவரும் குறை கூறவில்லை. பழிச்சொல்லுக்கு முன்பாகத் துணை வந்தது. நம் இல்லங்களிலோ, பிரசவித்த மறுநாளே "இன்னும் பால் வரவில்லையா?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

முதலில் சுரப்பது மஞ்சள் நிறச் சீம்பால். அளவில் சில துளிகளே எனினும், நோய் எதிர்ப்பாற்றல் நிறைந்தது. முதல் நாளில் சிசு ஒரு வேளைக்கு ஒரு சிறு கரண்டி அளவுக்கு மேல் ஏற்காது. ஆகவே அதுவே போதும். பால் பெருகுவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான். தலைப்பிரசவம், அறுவைப் பிரசவம், நீரிழிவு, மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றால் மேலும் தாமதமாகலாம். தாமதம் வேறு, இல்லாமை வேறு.

குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரவிலும், பால் புகட்ட வேண்டும். சிசுவைத் தாயின் மார்போடு மேனி படும்படி அணைத்து வைப்பது நன்று. கவலையும் வலியும் பால் இறங்குவதைத் தடுக்கும். எனவே வருகையாளர்களைக் குறைத்து, அவளை உறங்க விட்டு, வேளைக்கு உணவளிப்பது பெரியோர் கடமை. பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம். பூண்டும் வெந்தயமும் உணவில் அளவோடு இருக்கட்டும். அவற்றையே மருந்தென நம்பியிருத்தல் ஆகாது.

சேனை வைத்தல் என்ற பெயரில் தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதையும் நாவில் தொட்டு வைக்கலாகாது. ஒரு வயது வரை தேன் நஞ்சாகக்கூடும். காமதேனுவின் பால் தெய்வ அருள்; நம் வீட்டுப் பசும்பால் பச்சிளங்குழந்தைக்கு உகந்ததன்று.

ஐந்தாம் நாள் முதல் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அறியலாம். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை பால் குடிக்க எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, மஞ்சள் காமாலை கூடினாலோ, நாள் பாராமல் மருத்துவரிடம் செல்க. அவர் தாய்ப்பால் வங்கியின் பாலையோ புட்டிப்பாலையோ பரிந்துரைத்தால், அதைத் தாயின் தோல்வியாகக் கருதலாகாது. வேதிகையின் மகனும் பிறிதோர் தாயின் பாலால் வளர்ந்தவனே!

பேரக்குழந்தைக்காக அம்பிகையை வேண்டும் நாம், அவனைப் பெற்றவளிடம் "கவலைப்படாதே அம்மா, பால் வரும், நாங்கள் இருக்கிறோம்" என்று ஒரு சொல் சொல்வோம். அதுவும் அர்ச்சனையே.