டாக்டருக்குப் புள்ளி சேர்கிறது, பிள்ளைக்கு இழுப்பு நிற்கிறதா?

மலேசியாவில் ஒரு டாக்டர் அடுத்த ஆண்டும் தொழில் செய்ய வேண்டுமானால், மலேசிய மருத்துவ மன்றத்தில் தம் ஆண்டுச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 20 தொடர் கல்விப் புள்ளிகள் தேவை. 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த மருத்துவச் சட்டத் திருத்தம் இதற்கு வழி வகுத்தது. சிங்கப்பூரில் 2003 முதலே தொடர் கல்வி கட்டாயம்.

ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புள்ளி பெரும்பாலும் கருத்தரங்கில் உட்கார்ந்ததற்கும், இணையத்தில் உரை கேட்டதற்கும்தான் கிடைக்கிறது. கேட்டது மருந்துச் சீட்டில் இறங்கியதா என்பதை அந்தக் கணக்கு காட்டாது. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைப் பிள்ளைகளின் ஆஸ்துமாவில் தெளிவாகப் பார்க்கலாம்.

இழுப்பு வந்தால் நீல நிற இன்ஹேலர். பல குடும்பங்களுக்கு வைத்தியம் என்றால் அவ்வளவுதான். பல டாக்டர்களும் அப்படித்தான் படித்து வந்தார்கள். நீல இன்ஹேலரில் உள்ள சல்புட்டமோல் இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைத் தணிப்பது, பெரும்பாலும் பழுப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் வரும் ஸ்டீராய்டு தடுப்பு இன்ஹேலர். ஆஸ்துமாவுக்கான உலக முன்முயற்சியான ஜீனா அமைப்பு 2019இல் தன் பரிந்துரையை மாற்றியது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீலத்தை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது என்றது. 6 முதல் 11 வயதுச் சிறாருக்கும், நீலம் எடுக்கும் போதெல்லாம் ஸ்டீராய்டும் சேர வேண்டும், அல்லது குறைந்த அளவில் தினமும் கொடுக்க வேண்டும். அதற்கு முன் பட்டம் பெற்ற டாக்டர் எவரும் இதைக் கல்லூரியில் படித்திருக்க முடியாது. தொடர் கல்வியைத் தவிர வேறு வழி கிடையாது.

நடப்பு எப்படி இருக்கிறது? இரவு பதினொன்றுக்குப் பிள்ளைக்கு இழுப்பு. அப்பா வேலை முடிந்து வந்ததும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு டவுனில் திறந்திருக்கும் கிளினிக்குக்குப் போகிறார். 'காஸ்' வைக்கிறார்கள். இழுப்பு அடங்கிவிடும், பணம் கட்டி வீடு திரும்புவார்கள். அடுத்த மாதம் மீண்டும் அதே கதை, ஒருவேளை வேறு கிளினிக்கில். ஒவ்வொரு முறையும் அது புதிய நோய்போலப் பார்க்கப்படுகிறது. இத்தனைக்கும், கடுமையாக இல்லாத இழுப்புக்கு ஸ்பேஸர் குழாய் வழியாகக் கொடுக்கும் இன்ஹேலர், காஸுக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல என்று ஆய்வுகள் காட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் காஸ் வைத்தால்தான் வைத்தியம் பார்த்ததாகப் பெற்றோருக்குத் தோன்றுகிறது. அந்த எண்ணத்தைக் கிளினிக்குகளும் மாற்ற முயல்வதில்லை.

ஆண்டுக்கு மூன்று நீல இன்ஹேலர் அல்லது அதற்கு மேல் தீர்ந்தாலே கடும் தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது. பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறது ஜீனா. பிரிட்டனில் 195 ஆஸ்துமா மரணங்களை ஆராய்ந்து 2014இல் வெளியான அறிக்கையும், நீலத்தை அளவு மீறி நம்பியதைத்தான் சுட்டிக்காட்டியது.

அப்படியானால் டாக்டர்களுக்கான பயிற்சி பலன் தராதா? தரும், பயிற்சியின் வகையைப் பொறுத்து. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நோரீன் கிளார்க் குழு 74 குழந்தை மருத்துவர்களை வைத்து நடத்திய ஆய்வு 1998இல் வெளியானது. பயிற்சி இரண்டே அமர்வுகள்தான். மருந்தைப் பற்றி மட்டும் பேசாமல், பெற்றோரின் பயத்தைக் கேட்டறிவது, திட்டத்தை எழுதிக் கொடுப்பது ஆகியவற்றையும் பழக்கினார்கள். பயிற்சி பெற்றவர்கள் மருந்து எழுதும் முறை மாறியது. நோயாளியுடன் செலவிட்ட நேரம் கூடவில்லை, குறையவே செய்தது. "நேரமில்லை" என்ற வழக்கமான பதில் இங்கே எடுபடாது.

ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் பாட்டி முகம் சுளிப்பார். 'பம்பு பழகிப்போகும்', 'பிள்ளை வளராது' என்பார். முதலாவது உண்மையல்ல. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. பல ஆண்டுகள் தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்த சிறார், பெரியவர்களானபோது சராசரியாக 1.2 செண்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தனர் என்று 2012இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. இதை டாக்டர் மறைக்காமல் சொல்லி, மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்கு ஓடுவதோடு ஒப்பிட்டுக் காட்டினால் பாட்டியும் கேட்பார். சொல்லாமல் விட்டால், இன்ஹேலர் அலமாரியிலேயே காலாவதியாகும்.

தோட்டப்புறத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். அங்கே பிள்ளையை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்லர், மூத்தவர்கள் இன்றும் 'டிரஸர்' என்றழைக்கும் தோட்ட மருத்துவ உதவியாளர். அவர்களுக்கென 1965ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் உண்டு. டாக்டர்களின் புள்ளிக் கணக்குக்குள் அவர்கள் வரமாட்டார்கள். அரசாங்க கிளினிக்கிலோ கட்டணம் ஒரு வெள்ளிதான், ஆனால் ஒப்பந்த முறையில் வரும் இளம் டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தால், பயிற்சி பெற்றவர் அந்தப் பிள்ளையை மறுபடி பார்ப்பது அரிது. 2015, 2019 புகைமூட்டத்தில் பள்ளிகளை மூடியபோது வீட்டுக்குள் அடைந்த பிள்ளைகளில் தடுப்பு மருந்து இல்லாதவர்களே அதிகம் தவித்திருப்பார்கள்.

சுகாதார அமைச்சு 2014இலேயே சிறார் ஆஸ்துமாவுக்கெனத் தனி மருத்துவ வழிகாட்டி வெளியிட்டது. ஆக, ஏட்டில் பஞ்சமில்லை. ஓராண்டில் எத்தனை நீலம், எத்தனை தடுப்பு இன்ஹேலர் கொடுத்தோம் என்று ஒவ்வொரு கிளினிக்கும் தன் சொந்த மருந்துப் பதிவேட்டை எண்ணிப் பார்ப்பதைப் பயிற்சியின் பகுதியாக்கலாம். பட்டணத்து ஹோட்டலில் நடப்பதைத் தோட்ட மருந்தகத்திலும் நடத்தலாம், டிரஸரையும் உட்கார வைத்து. ஸ்பேஸர் விலை அதிகம் என்றால், துளையிட்ட 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் போத்தலும் வேலை செய்யும் என்பதைத் தென்னாப்பிரிக்க டாக்டர்கள் 1999இலேயே நிரூபித்துவிட்டார்கள்.

பெற்றோர் பக்கத்தில் செய்யக்கூடியது எளிது. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா இன்ஹேலர்களையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், காலியானவை உட்பட. பிள்ளை எப்படி உறிஞ்சுகிறது என்பதை டாக்டர் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். தினமும் எது, இழுப்பு வந்தால் எது, எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதி தமிழ்ப்பள்ளியில் வகுப்பாசிரியரிடமும் இருக்கட்டும்.