பச்சை நரகத்தைப் பாடுவோரே!

மோட்டார் பந்தயம் என்றதும் நம் மாணவ நண்பர்கள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தைப் புகழத் தொடங்கிவிடுகின்றனர். புகழட்டும், ஆனால் எதைப் புகழ்கிறோம்?

ஐஃபெல் மலைப்பகுதியில் வேலையற்றோருக்குப் பிழைப்பளிக்க 1925இல் தொடங்கி, 1927இல் திறந்த தடம் அது. அதன் வடக்குச் சுற்று மட்டும் அன்று ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர்! காடு, மேடு, பள்ளம், நூற்றுக்கு மேற்பட்ட வளைவுகள். ஒரு பக்கம் மழை கொட்டும், மறுபக்கம் வெயிலடிக்கும். அங்கே வென்ற ஜாக்கி ஸ்டூவர்ட்டே அதைப் 'பச்சை நரகம்' என்றார்.

அந்த நீளமே அழகு என்பர். நான் அதையே குற்றம் என்பேன். அத்தனை தொலைவுக்கும் எத்தனை தீயணைப்பு வண்டிகளை நிறுத்த முடியும்? 1976இல், அப்போதைய உலகச் சாம்பியன் நிக்கி லௌடா, போதிய பாதுகாப்பில்லை என்று பந்தயத்தைப் புறக்கணிக்க அழைத்தார். வீரர்கள் வாக்கெடுத்தனர், அவர் கட்சி தோற்றது. ஆகஸ்ட் 1ஆம் நாள் தீப்பிடித்து எரிந்தது அவருடைய கார்தான்! அவரை வெளியே இழுத்துக் காத்தவர்களும் சக வீரர்களே.

ஆறே வாரத்தில் மீண்டும் பந்தயத்தில் இறங்கினாரே என்று வியக்கிறோம். வியக்கத்தக்கதுதான். எனினும், "வேண்டாம்" என்று கையுயர்த்திய துணிவே எனக்குப் பெரிது. ஃபார்முலா ஒன் பந்தயம் அதன்பின் அந்த வடக்குச் சுற்றுக்குத் திரும்பவேயில்லை.